உள்பக்கக் கைப்பிடி

அக்காவை அந்தக் கட்டடத்துக்குள் முதல் நாள் கூட்டிக்கொண்டு போனது நான்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது.

காலை ஒன்பதே கால் இருக்கும். இருபத்திரண்டு மாடியும் வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது. அக்கா எதிர்ச் சாரியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "இத்தனையும் நீ போட்ட கோடாடா?" என்று கேட்டாள்.

"முழுக்க இல்லக்கா. வெளியில தெரியுற கண்ணாடிச் சுவர் மட்டும்தான் என்னோடது."

அடக்கமாகத்தான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபது. அன்றிலிருந்து எனக்கு எல்லாமே அவள்தான். கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், "இவனை யாரு பாத்துக்குவா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவாள். முப்பது வருடம் வேலை பார்த்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள் என்று அவள் சும்மா உட்கார்ந்திருந்தபோது, பத்தொன்பதாவது மாடிக்குக் குடிவந்திருந்த காப்பீட்டு நிறுவனத்தில் சொல்லி, ஆவணப் பிரிவில் ஓர் இடம் வாங்கிக் கொடுத்தேன். தென்மேற்கு மூலையில், கண்ணாடி ஓரமாக மேசை. "வெளிச்சமா இருக்குடா," என்று சந்தோஷப்பட்டாள்.

அந்த மூலையைத் தவிர வேறெந்த மூலையையும் கொடுத்திருக்கலாம்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு கண்ணாடி இல்லை, இரண்டு. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் இரண்டடி சந்து. வெயில் வெளிக் கண்ணாடியோடு நின்றுவிட வேண்டும், சூடு சந்து வழியாக மேலே ஏறி வெளியே போய்விட வேண்டும், உள்ளே இருப்பவர்களுக்கு வெளிச்சம் மட்டும் கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. சந்தில் ஆள் நடக்கக் கம்பி வலை போட்டிருக்கும். தீ பரவாமலிருக்க மாடிக்கு மாடி அடைப்பு, அதற்குக் கீழே சூட்டை வெளியேற்றும் காற்றுப் போக்கிகள். ஒவ்வொரு மாடியிலும் உள்கண்ணாடியில் ஒரு கதவு. கண்ணாடி துடைப்பவர்கள் அதன் வழியாகத்தான் சந்துக்குள் போவார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டு பூட்டிக்கொள்ளும். அலுவலகப் பக்கம் சாவித் துவாரம். சந்துப் பக்கம் ஒரு கைப்பிடி.

அந்தக் கைப்பிடியை நான் எடுத்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கட்டடம் எழும்புவதற்கு முன்னால், சுவரின் ஒரு துண்டை மட்டும் நிஜ அளவில் தரையில் நிறுத்திப் பார்ப்போம். கறுப்புக் கைப்பிடிகள் வெளியிலிருந்து பார்க்கத் தெரிந்தன. மாடிக்கு ஒன்றாக, ஒன்றன் மேல் ஒன்றாக, அழகான முகத்தில் வரிசையாக மரு முளைத்தது போல. கட்டட முதலாளி தலையைச் சாய்த்துப் பார்த்தார். "என்னமோ உறுத்துதே," என்றார். அவர் அதோடு விட்டிருப்பார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வரைபடத்தில் கைப்பிடியை அழித்துவிட்டு, 'சந்துக்குள் ஒருவர் போனால் கதவருகே ஒருவர் நிற்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதினேன். கைப்பிடிக்காகப் போட்ட துளைகளை வெள்ளித் தகடு வைத்து மூடச் சொன்னேன். எழுதி வைத்துவிட்டால் நடந்துவிடும் என்று நினைக்கிற சாதி நாங்கள்.

கண்ணாடி துடைப்பவர்களில் ஒருவரை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயது, தடித்த மூக்குக்கண்ணாடி, சாம்பல் நிறச் சீருடை. ஒரே கண்ணாடியை இரண்டு முறை துடைப்பார். கேலி செய்தால் சிரித்துக்கொள்வார்.

கட்டடம் முடிகிற சமயத்தில் ஒரு சனிக்கிழமை. அவருடைய கூட்டாளி வரவில்லை. பத்தொன்பதாவது மாடியைத் திங்கட்கிழமை முதலாளி பார்க்க வருகிறார். "தனியா போங்க, ஒரு மணிக்கு நானே வந்து திறந்து விடுறேன்," என்று நான்தான் சாவி போட்டு உள்ளே அனுப்பினேன். மோதிரம், சாவிக்கொத்து, செல்போன் எதையும் உள்ளே கொண்டு போகக் கூடாது, கண்ணாடியில் கீறல் விழும் என்பது இன்னொரு விதி. அவர் போனை என் கண் முன்னாலேயே பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். சந்தின் உச்சியில் காற்றுப் போக்கிகளுக்கு அப்போது மின் இணைப்பு கொடுத்திருக்கவில்லை. மூடியே இருந்தன.

ஒரு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். நான் இரண்டு மணிக்கு அந்த மாடியில் கூரை விளக்குகளின் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் ஏற்றிய கண்ணாடி என்பதால் அந்தப் பக்கம் இருப்பவர் நிழலாகத்தான் தெரிவார். ஆமையின் கை வேகவேகமாக அசைந்துகொண்டிருந்தது. இன்றைக்கு ஆமைக்கு என்ன வந்தது, இப்படி உழைக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். அவரைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

அப்புறம் முதலாளி கீழே கூப்பிட்டார். போனேன். பேச்சு நீண்டது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், அக்கா போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமையும் நன்றாகத்தான் தூங்கினேன்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் காவலாளி கூப்பிட்டான்.

போலீஸ் வருவதற்கு முன்னால் எனக்கு இருபது நிமிடம் கிடைத்தது. காவலாளியைக் கீழே வாசலில் நிற்கச் சொன்னேன். தகட்டைக் கழற்றினேன். மாதிரிக்கு வைத்திருந்த கைப்பிடியை மாட்டினேன். நான்கு திருகாணி. அவர் கால்மாட்டில் மண்டியிட்டுத்தான் அதைச் செய்தேன். உள்கண்ணாடி முழுவதும் கைத்தடம். நின்ற உயரத்தில், இடுப்பு உயரத்தில், முழங்கால் உயரத்தில், கடைசியில் தரையோடு தரையாக. அவருடைய துணியாலேயே எல்லாவற்றையும் துடைத்தேன். துடைத்தபோது நன்றாகச் சுத்தமாயிற்று.

கைப்பிடி இருந்தும் வெப்பத்தில் மயங்கி விழுந்து இறந்தார் என்று எழுதினார்கள். உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்ததற்குக் கீழே விழுந்ததுதான் காரணம் என்றார்கள். அவர் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவரு கதவைத் தட்டினாரா சார்?"

"இல்லம்மா. அமைதியா போயிட்டாரு."

"அப்பாடா," என்றாள் அவள். அதைக் கேட்டு எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. அந்த வாரமே மற்ற மாடிகளுக்கும் கைப்பிடி போட்டு முடித்தேன். மரு மரு என்றேனே, வெளியிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்றும் அசிங்கமாக இல்லை.

அக்கா வேலையில் சேர்ந்து பத்து நாள் ஆகியிருக்கும். கட்டடத்தில் ஏதாவது பழுது வந்தால் பார்ப்பதற்காக முதல் ஒரு வருடம் எனக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மதியம் அங்கே வந்து என்னோடு சாப்பிடுவாள்.

"உங்க ஆளு ஒருத்தர் என் பக்கத்துலயே நின்னு துடைச்சுக்கிட்டு இருக்காருடா," என்றாள். "பாவம், உக்காரச் சொல்லக் கூடாதா?"

"எந்த ஆளு?"

"பெரிய மூக்குக்கண்ணாடி போட்டவரு. சாம்பல் கலர் சட்டை."

சந்துக்குள் துடைக்கும் வேலையை அந்த மாதம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் சாப்பாட்டைப் பிசைந்தபடி, "பிரதிபலிப்புக்கா. ரெண்டு கண்ணாடி இருக்கில்ல, எதிர்க் கட்டடத்து ஆளுங்க உள்ள நிக்கிற மாதிரி தெரியும்," என்றேன்.

அவள் நம்பினாள். நான் சொன்னால் எதையும் நம்புவாள்.

அடுத்த வாரம் சாப்பிட வந்தவள் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"டேய், அவரு துடைக்கலடா."

"யாரு?"

"துடைக்கிறவங்க கை மேலயும் கீழயும் போகும். இவரு கை முன்னயும் பின்னயும் போகுது." தன் உள்ளங்கையைக் காற்றில் அடித்துக் காட்டினாள். "தட்டுறாருடா. உள்ள மாட்டிக்கிட்டு இருக்காரு."

ஒரு பார்வையில் அவள் கண்டுபிடித்துவிட்டாள். படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு அது தெரியவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். அக்கா, அங்கே ஒருவர் செத்துப்போனார், என்னால் செத்துப்போனார், நீ அந்தப் பக்கமே போகாதே என்று மூன்றே வாக்கியம். அவள் அழுதிருப்பாள், என்னை அடித்திருப்பாள், பிறகு போகாமல் இருந்திருப்பாள். ஆனால் அக்காவின் கண்ணில் நான் நல்லவன். உலகத்தில் அந்த ஓரிடத்திலாவது நல்லவனாக இருந்துவிட்டுப் போகிறேனே என்று நினைத்தேன்.

அதனால் கத்தினேன். "வேலையைப் பாக்குறியா, வேடிக்கை பாக்குறியா? அந்தக் கதவுப் பக்கம் போகாத. அவ்வளவுதான்."

"ஏன் போகக் கூடாது?"

"போகாதன்னா போகாத!"

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஒருவர் தட்டுகிறார் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்கிற பிறவி இல்லை அவள். அது எனக்குத் தெரியாததா?

சனிக்கிழமை. அலுவலகம் ஒரு மணியோடு முடிந்துவிட்டது. முதலாளியோடு போன் பேசிக்கொண்டு நான் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். அக்கா என் அறைக்குள் போய்விட்டு வந்ததைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் எடுக்கப் போயிருப்பாள் என்று நினைத்து, தலையை ஆட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன். பேசி முடித்து அறைக்கு வந்தபோது இரண்டு மணி. இழுப்பறை பாதி திறந்திருந்தது.

சாவி இல்லை.

மின்தூக்கியில் ஏறிப் பொத்தானை விடாமல் அழுத்தினேன். பத்தொன்பதாவது மாடி காலியாக இருந்தது. நாற்காலிகளை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். தரை விரிப்பில் வெயில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. குளிர்சாதனத்தோடு காற்றுப் போக்கிகளையும் நிறுத்திவிட்டதால் பிளாஸ்டிக் சூடேறிய வாடை அடித்தது. அக்காவின் மேசையில் அவள் மூக்குக்கண்ணாடிக் கூடு, பேனா, செல்போன், பாதி தண்ணீர் உள்ள பாட்டில்.

"அக்கா?"

மேசைகளுக்கு நடுவே நடந்தேன்.

மூலைக் கதவில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கட்டியிருந்த அட்டை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஆமை நின்றார்.

நிழலாக இல்லை. இந்த முறை தெளிவாகத் தெரிந்தார். தடித்த மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. சாம்பல் சட்டை உடம்போடு ஒட்டிக் கறுத்திருந்தது. உள்ளங்கையை ஓங்கி ஓங்கிக் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. தெரு இரைச்சல் உள்ளே வரக் கூடாது என்று நான் தேர்ந்தெடுத்த கண்ணாடி அது.

கை முன்னால் போனது. பின்னால் வந்தது. முன்னால் போனது.

எனக்கும் சாவிக்கும் நடுவில் மூன்றடி.

"கைப்பிடி இருக்கு!" என்று கத்தினேன். "நான் போட்டுட்டேன்! உங்க பக்கம்தான் இருக்கு, பிடிச்சுத் திருப்புங்க!"

கறுப்புக் கைப்பிடி எனக்குத் தெரிந்தது. அவர் கை அது இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு போனது. வழவழப்பான சுவரைத் தடவுவது போல, மேலும் கீழும், ஒன்றும் தட்டுப்படாமல்.

அவர் என்னைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. திரும்பத் திரும்ப எதையோ சொன்னார்.

நான் திறக்கவில்லை.

திறந்தால் வெளியே வந்துவிடுவார் என்று பயம். வந்தால் என்ன செய்வார் என்று பயம். அக்காவைத் தேடி வந்தவன் நான். அது எனக்கு மறந்தே போனது. பயம் வந்தால் மனிதனுக்குத் தன் தோல் மட்டும்தான் நினைவிருக்கும் போலிருக்கிறது. அவள் மேசைக்குப் பின்னால் போய், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். இல்லாத சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டேன்.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து.

இரண்டு இருபது.

திரும்பிப் பார்த்தேன். இப்போது இடுப்பு உயரத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

மறுபடி திரும்பிக்கொண்டேன்.

இரண்டு முப்பத்தைந்துக்கு முதுகை அழுத்திக்கொண்டிருந்த பார்வை விலகியது போலிருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. எழுந்து மெதுவாகக் கண்ணாடியருகே போனேன். நிற்கிறவர் யாரும் இல்லை. கண்ணாடியில் கைத்தடங்கள், தரைவரைக்கும்.

கம்பி வலையின் மேல் ஒரு நரைத்த பின்னல் விரிந்து கிடந்தது.

தினமும் காலையில் என் கண் முன்னால் அவள் பின்னிக்கொள்கிற பின்னல்.

சாவியைத் திருப்பினேன். கதவு உடனே திறந்தது. அடுப்பு போல அனல் முகத்தில் அடித்தது. அக்கா ஒருக்களித்துக் கிடந்தாள். உள்ளங்கைகளில் தோல் இல்லை. மூச்சு இருந்தது. அவளைத் தூக்கும்போது என் முழங்கை அந்தக் கைப்பிடியில் இடித்தது. வலித்தது. அங்கேதான் இருந்தது அது, நான்கு திருகாணியோடு, இறுக்கமாக.

மூன்றாம் நாள் மதியம் கண் விழித்தாள். ஆஸ்பத்திரியில் தனி அறை. இரண்டு கையிலும் கட்டு. சிறுநீரகம் பாதி போய்விட்டது, நடப்பது சந்தேகம் என்று டாக்டர் வெளியே வைத்துச் சொல்லியிருந்தார். நான் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன். அவள் தடுக்கவில்லை. சின்ன வயதிலிருந்து நான் அழுதால் அவள் கை என் தலைக்கு வராமல் இருந்ததே இல்லை.

"உள்ள கைப்பிடி இல்லடா," என்றாள்.

"இருக்குக்கா."

"என் பக்கம் இல்ல." குரல் உலர்ந்திருந்தது. "நீ வந்தத பாத்தேன். அப்பாடா, தம்பி வந்துட்டான்னு நெனச்சேன். உன் பேரைச் சொல்லிச் சொல்லித் தட்டுனேன். நீ என்னைப் பாத்த."

"உன்னைப் பாக்கலக்கா! சத்தியமா. எனக்கு வேற ஒருத்தர்தான் தெரிஞ்சாரு. அதான்..."

"வேற ஒருத்தரா இருந்தா?"

எனக்குப் புரியவில்லை.

"வேற ஒருத்தரா இருந்தா திறக்க வேண்டாமாடா?"

அறையில் ஏதோ ஒரு கருவி சீராகக் கூவிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று தோன்றியது. கைப்பிடி, தகடு, துணி, அந்த மனைவியிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும்.

"அக்கா, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"தெரியும்," என்றாள். "அவரு சொல்லிட்டாரு."

நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன்.

"எவரு?"

"உள்ள என்கூட நின்னாரே, அவரு. நான் தட்டத் தட்ட, என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'அவன் திறக்க மாட்டான்மா. கையைப் புண்ணாக்கிக்காதீங்க'ன்னாரு." அவள் கண் ஓரத்தில் நீர் இறங்கியது. "நான் நம்பலடா. என் தம்பி திறப்பான்னு சொன்னேன். கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அதன் பிறகு என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே சுவரைத் தவிர ஒன்றுமில்லை. அவள் யாரோ சொல்வதைக் கேட்பவள் போல லேசாகத் தலையை ஆட்டினாள்.

"எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். "உக்காருங்க."

கட்டுப் போட்ட கையால் போர்வையை ஒதுக்கி, கால்களைக் கஷ்டப்பட்டு இழுத்து, கட்டில் ஓரத்தில் இடம் விட்டாள்.

அந்த இடத்தில் மெத்தை மெல்ல, மிக மெல்ல, அழுந்தியது.